புது வைரஸுக்குப் பழைய ஊசி போதுமா?

நண்பர் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது வெண்பன்றிகள் வைத்திருக்கிறார். பன்றிக் காய்ச்சல் ஊசியை முறையாகப் போட்டிருக்கிறார். பக்கத்துப் பண்ணையில் ஊசி போட்ட பன்றிகளே பத்து நாளில் கொத்துக்கொத்தாகச் செத்துவிட்டன. “வைரஸ் மாறிப்போச்சு, பழைய ஊசி இனிமேல் எடுபடாது, பரேலியில் புது ஊசி கண்டுபிடிச்சிருக்காங்க” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புது ஊசி வரும்வரை காத்திருக்கலாமா, மனிதனுக்குக் கொரோனா ஊசியை ஒரே வருடத்தில் கொண்டுவந்தவர்களால் பன்றிக்கு ஏன் முடியவில்லை என்பது அவர் கேள்வி.

ஆனால் அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் செத்தது எந்த நோயால்? அது தெரியாமல் ஊசி பழசா புதுசா என்று பேசுவதில் பயனில்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. கால்நடை மருத்துவம் படித்து, வைரஸ் நோய்களில் மேற்படிப்பு முடித்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஆய்வகத்திலும் பண்ணைகளிலுமாக ஓடிவிட்டது. தடுப்பூசி தயாரிக்கும் கூடத்தில் சில வருடங்கள் இருந்தேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸை நான் கையால் தொட்டதில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் படித்தும், அதில் வேலை செய்பவர்களிடம் கேட்டும் அறிந்தவை.

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. தமிழில் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று மூன்று வேறு வேறு நோய்களைச் சொல்கிறோம். 2009-ல் பத்திரிகைகளில் வந்த பன்றிக் காய்ச்சல் மனிதர்களுக்கு வரும் ஹெச்1என்1 ஃப்ளூ. இரண்டாவது, பன்றிகளை மட்டும் தாக்கும் பழைய பன்றிக் காய்ச்சல். அமெரிக்காக்காரர்கள் இதைப் பன்றிக் காலரா என்றார்கள், ஆனால் காலராவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூன்றாவது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இரண்டாவதும் மூன்றாவதும் வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்: கடும் காய்ச்சல், தீனி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடப்பது, காதிலும் வயிற்றடியிலும் ஊதாச் சிவப்புத் திட்டு, பின்னங்கால் தள்ளாட்டம், சாவு. ஆனால் வைரஸ்கள் இரண்டுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. பழைய பன்றிக் காய்ச்சல் வைரஸ் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. வைரஸ், மாடுகளுக்குக் கழிச்சல் நோய் தரும் வைரஸுக்குப் பங்காளி. ஆப்பிரிக்க வைரஸ் பெரிய டி.என்.ஏ. வைரஸ், தன் குடும்பத்தில் அது ஒன்றுதான். நீங்கள் போட்ட ஊசி இரண்டாவது நோய்க்கானது. மூன்றாவது நோயை அது கொஞ்சமும் தடுக்காது. இதில் சந்தேகமே வேண்டாம்.

இனி அந்த ஊசியின் கதைக்கு வருவோம். இந்தியாவில் இந்த நோய் 1962-ல் உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் முதலில் பதிவானது. 1964 முதல் இங்கே போட்டுவந்தது இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜிலிருந்து வந்த வைரஸ் வகையைக் கொண்டு செய்த முயல் ஊசி. வீரியமுள்ள வைரஸை ஒரு முயலுக்குச் செலுத்தி, அதன் மண்ணீரலை எடுத்து அரைத்து அடுத்த முயலுக்குச் செலுத்தி, இப்படி நூற்றுக்கணக்கான முறை மாற்றிக்கொண்டே போனால் வைரஸ் முயலுக்குப் பழகிப் பன்றியை மறந்துவிடும். பன்றிக்குள் போனால் லேசாகப் பெருகும், எதிர்ப்பைக் கிளப்பும், நோய் தராது. வெறிநாய்க்கடி ஊசிக்கு லூயி பாஸ்டரும் முயலைத்தான் பிடித்தார். சீனாவில் 1950-களில் இதே வழியில் உருவான ‘சி’ வகை என்ற ஊசி வைரஸ்தான் உலகின் பல நாடுகளில் இன்றும் பன்றிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

முயல் ஊசியில் ஒரு கணக்கு இடிக்கும். ஒரு முயலின் மண்ணீரலிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 50 டோஸ். நாட்டுக்கு வருடத்துக்குத் தேவை 2 கோடியே 20 லட்சம் டோஸ் என்று இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. (2019 கணக்கெடுப்பில் பன்றிகள் 90 லட்சம்தானே என்று கேட்கத் தோன்றும். குட்டி பிறந்துகொண்டே இருக்கிறது, வளர்ந்தது கசாப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் தலைக்கணக்கைவிட டோஸ் கணக்கு எப்போதும் பெரிது.) இரண்டு கோடியே இருபது லட்சத்தை ஐம்பதால் வகுத்தால் வருடத்துக்கு 4,40,000 முயல்கள். அத்தனை முயலை யார் வளர்ப்பது, யார் அறுப்பது? ஆகவே உண்மையில் தயாரானது வருடத்துக்கு 12 லட்சம் டோஸ் அளவுதான். தேவையில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. நோய் நாட்டை விட்டுப் போகாததற்கு ஊசியின் தரத்தைவிட இந்த வகுத்தல் கணக்குதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி: வைரஸ் மாறிவிட்டதா? மாறியிருக்கிறது. இந்த வைரஸில் மூன்று பெரிய மரபணு வகைகளும் அவற்றுக்குள் பல உட்பிரிவுகளும் உண்டு. முன்பு இந்தியாவில் முதல் வகைதான் அதிகம் கிடைத்தது, பிறகு இரண்டாம் வகையின் உட்பிரிவுகள் வடகிழக்கிலும் வேறு இடங்களிலும் தலைகாட்டின. சீனாவிலும் ஐரோப்பாவிலும் இரண்டாம் வகை முதல் வகையை ஓரங்கட்டியது. பழைய ஊசிகளோ முதல் வகையைச் சேர்ந்தவை. இதைக் கேட்டதும் “பூட்டு மாறிவிட்டது, சாவி செல்லாது” என்ற முடிவுக்கு வரத் தோன்றும். ஆனால் இந்த வைரஸ் உடையை மாற்றிக்கொண்டாலும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ‘சி’ வகை ஊசி போட்ட பன்றிகளுக்குப் பல நாடுகளில் இரண்டாம் வகை, மூன்றாம் வகை வைரஸை வேண்டுமென்றே செலுத்திப் பார்த்தார்கள், பன்றிகள் பிழைத்தன. வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் ஒரு வாரத்துக்குள்ளேயே, ஆன்டிபாடி (வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் சரியாகத் தெரிவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிடுகிறது. இவ்வளவும் உறுதியானவை.

சந்தேகத்துக்கு இடமுள்ளது ஒன்றுண்டு. முதல் வகை ஊசியால் உண்டான ஆன்டிபாடியைச் சோதனைக் குழாயில் இரண்டாம் வகை வைரஸோடு மோதவிட்டால் அதன் பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. முழு டோஸ் பெற்ற ஆரோக்கியமான பன்றிக்கு இது பொருட்டல்ல. அரைகுறையாகக் குளிர்சாதனத்தில் இருந்து வீரியம் குறைந்த ஊசியைப் பெற்ற, குடற்புழு நிறைந்த, தாயின் எதிர்ப்பு இன்னும் ரத்தத்தில் மிச்சமிருக்கும் குட்டிக்கு இது பொருட்டாகலாம். ‘ஆகலாம்’ என்றுதான் சொல்வேன், ‘ஆகிறது’ என்று சொல்லமாட்டேன்.

அப்படியானால் பரேலிக்கு அருகே இஜ்ஜத்நகரில் செய்த புது ஊசி எதற்கு? முதலில் அங்கே இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் வெய்பிரிட்ஜ் முயல் வைரஸையே கண்ணாடிக் குடுவையில் வளரும் பன்றிச் சிறுநீரகச் செல்களுக்குப் பழக்கி, முயலை விலக்கினார்கள். அடுத்த படியாக, இந்தியப் பன்றிகளில் சுற்றிய வீரிய வைரஸையே எடுத்து, செல் வளர்ப்பில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தை இறக்கி ஊசியாக்கினார்கள். 2020 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். டோஸ் விலை இரண்டு ரூபாய்க்குள் அடங்கும் என்றும், முயல் ஊசி 15 முதல் 20 ரூபாய், கொரியாவிலிருந்து வரும் ஊசி 30 ரூபாய் என்றும், பாதுகாப்பு இரண்டு வருடம் நிற்கும் என்றும் அப்போது அறிவித்தார்கள். உள்ளூர் வைரஸ் என்பதைத்தான் செய்திகள் பெரிதாகப் போட்டன. எனக்குப் பெரிதாகப் பட்டது விலையும் அளவும்தான். ஒரு சின்னக் குடுவையில் வளரும் வைரஸ் பல முயல்களுக்குச் சமம், குடுவையை எத்தனை வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம். இரண்டு வருடப் பாதுகாப்பு என்பதுகூட தாய்ப்பன்றிக்கும் ஆண் பன்றிக்கும்தான் லாபம். எட்டு, பத்து மாதத்தில் எடைக்குப் போகிற பன்றிக்கு இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குடுவையில் வளர்ப்பது என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டம்மை வைரஸையோ கோழிக் கழிச்சல் வைரஸையோ செல்லில் விட்டால் செல்கள் உருக்குலைந்து உதிர்வது நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும். பன்றிக் காய்ச்சல் வைரஸ் செல்லுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும், செல் பார்க்க நன்றாகவே இருக்கும். வைரஸ் வளர்ந்ததா என்று தெரிய, ஆன்டிபாடி பூசி, சாயம் ஏற்றி, சோதனைத் தட்டின் குழி குழியாக எண்ண வேண்டும். நான் கூடத்தில் இருந்தபோது ஒரு தொகுப்பு முழுவதும் ‘நன்றாக வளர்ந்திருக்கிறது’ என்று நினைத்து எடுத்துவைத்தோம், சாயம் போட்டுப் பார்த்தால் பாதிக் குடுவையில் வைரஸே இல்லை. கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

அதைவிட நயவஞ்சகமான எதிரி கன்றுக்குட்டி ரத்தநீர். செல்களுக்கு ஊட்டமாக அதைத்தான் ஊற்றுவோம். மாட்டுக் கழிச்சல் வைரஸ் அதில் ஒளிந்து வரும். நான் மேலே சொன்ன அதே பங்காளி வைரஸ். அதுவும் செல்லைச் சிதைக்காமல் வளரும் வகை உண்டு. தடுப்பூசித் தொகுப்புக்குள் அது புகுந்துவிட்டால் பன்றி ரத்தத்தில் எதிர்ப்பு கணக்கிடுவதும் குழம்பும், சினைப்பன்றிக்குத் தொந்தரவும் வரலாம். சீனாவில் சந்தையில் இருந்த பன்றிக் காய்ச்சல் ஊசிகளிலேயே இந்தக் கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஊசியில் ‘புதுசு’ என்ற சொல்லைவிட ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

புதுப்பித்தலில் இன்னொரு திசையும் உண்டு. பழைய உயிர் ஊசி போட்ட பன்றியின் ரத்தத்தைச் சோதித்தால், அந்த ஆன்டிபாடி ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை, ஊசி போட்ட நாட்டுப் பன்றியை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 1990-ல் வழக்கமாக ஊசி போடுவதையே நிறுத்தியது. 1997-ல் நெதர்லாந்தில் நோய் புகுந்தபோது 429 பண்ணைகளில்தான் தொற்று உறுதியானது, ஆனால் கொன்று ஒழித்த பன்றிகள் ஏறத்தாழ ஒரு கோடி. அவற்றில் பெரும்பாலானவை நோயே இல்லாதவை. பன்றிகளை வெளியே கொண்டுபோகத் தடை போட்டதால் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன, நிற்க இடமில்லாமல் போனதால் கொன்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் பிரித்தறியும் ஊசிக்கு அங்கே வேகம் பிடித்தது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் தனியாகச் செய்து ஊசியாக்கினார்கள். சோதனைக்கு வசதி, ஆனால் பாதுகாப்பு தாமதமாக வந்தது, சினைப்பன்றியின் வயிற்றுக் குட்டியை அது சரியாகக் காக்கவில்லை. பிறகு மாட்டு வைரஸின் உடலில் பன்றி வைரஸின் மேலுறையைப் பொருத்தி ஓர் ஒட்டுவைரஸ் செய்தார்கள். அதற்கு 2015-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஒட்டு மாங்கன்று மாதிரிதான், வேர் ஒன்று, பழம் ஒன்று. நமக்கு இது இன்றைக்கு அவசரமில்லை. முதலில் எல்லாப் பன்றிக்கும் ஒரு டோஸாவது கிடைக்கட்டும், பிரித்தறிவது பிறகு.

நோயை ஒழித்துவிட்டோம் என்று ஊசியை நிறுத்தினால் கதை முடிந்துவிடும் என்பதும் இல்லை. ஜப்பானில் 26 வருடம் இல்லாதிருந்த பழைய பன்றிக் காய்ச்சல் 2018 செப்டம்பரில் கிஃபு மாகாணத்தில் திரும்பி வந்தது. காட்டுப்பன்றிகளுக்குள் புகுந்துவிட்டதால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. காட்டில் தின்பண்டம் மாதிரி ஊசி உருண்டைகளைப் புதைத்தார்கள், 2019 அக்டோபரில் பண்ணைப் பன்றிகளுக்கும் ஊசியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கும் பழைய வகை ஊசிதான்.

வைரஸ் மாறினால் ஊசி நிஜமாகவே தோற்கும் நோய்களும் பன்றியில் உண்டு. குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் பன்றிக் கொரோனா வைரஸ் ஒன்று இருக்கிறது, மனிதக் கொரோனாவுக்குத் தூரத்துச் சொந்தம். சீனாவில் அதற்கு 1970-களின் பெல்ஜிய வைரஸைக் கொண்டு செய்த ஊசி பல வருடம் நடப்பில் இருந்தது. 2010-ன் இறுதியில் உருமாறிய வைரஸ் வந்து, ஊசி போட்ட பண்ணைகளிலும் பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டிகளை வாரிக்கொண்டு போனது. அங்கே புது வைரஸைக் கொண்டு புது ஊசி செய்தே தீரவேண்டியிருந்தது. அதே வகை 2013-ல் அமெரிக்கா போய் ஒரே வருடத்தில் லட்சக்கணக்கான குட்டிகளைக் கொன்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று நாள் குட்டிக்கு ஊசி போட்டு அது எதிர்ப்பை உண்டாக்குவதற்குள் செத்துவிடும். ஆகவே காப்பாற்ற வேண்டியது தாயின் பாலை. தாயின் குடலில் எதிர்ப்பு தூண்டப்பட்டால்தான் அது சீம்பாலிலும் பாலிலும் இறங்கிக் குட்டியின் குடலைப் பூசிக் காக்கும். தொடையில் போடும் ஊசி ஏற்கெனவே நோயைச் சந்தித்த தாய்க்கு நல்ல நினைவூட்டல், சந்திக்காத தாய்க்குப் பெரிதாக உதவாது. வைரஸ் எது என்பதை மட்டும் மாற்றினால் போதாது, வழியையும் மாற்ற வேண்டும்.

பன்றி ஃப்ளூவும் அப்படித்தான், கூடுதலாக ஒரு அபாயத்தோடு. வைரஸைக் கொன்று செய்த ஊசி, சுற்றிவரும் வைரஸோடு பொருந்தாமல் போனால், சில சமயம் பாதுகாப்பு கிடைக்காததோடு நிற்காமல் நுரையீரல் பாதிப்பு ஊசி போடாத பன்றியைவிட மோசமாகிறது. இது சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பழைய ஊசியால் நஷ்டமில்லை என்ற பேச்சு இங்கே மட்டும் செல்லாது.

சினைச்சிதைவும் மூச்சுத்திணறலும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். என்ற நோயில் வைரஸ் மாறும் வேகம் தலைசுற்ற வைக்கும். இந்தியாவில் 2013-ல் மிசோரமில் வந்து பெரும் சேதம் செய்தது. அதன் உயிர் ஊசிகள் நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றைத் தடுக்காது. டென்மார்க்கில் 2019-ல் இரண்டு வேறு ஊசி வைரஸ்களே தங்களுக்குள் மரபணுவைப் பரிமாறிக்கொண்டு புது வைரஸாகி, ஒரு விந்து நிலையத்தின் வழியாகப் பண்ணைகளுக்குப் பரவின. இரண்டு கம்பெனி உயிர் ஊசியை ஒரே கொட்டகையில் கலந்து போடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இதற்கு நேர் எதிர், பன்றிகளைத் தாக்கும் சர்க்கோ என்ற இன்னொரு வைரஸ். 2006-ல் சந்தைக்கு வந்த ஊசிகள் ‘ஏ’ வகையைக் கொண்டு செய்தவை, களத்தில் வைரஸ் ‘பி’ ஆகி ‘டி’ ஆகிவிட்டது, பழைய ஊசி இன்னும் பெருமளவு வேலை செய்கிறது. ஆகவே ‘வைரஸ் மாறிப்போச்சு’ என்று யாராவது சொன்னால், எந்த வைரஸ் என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது கொரோனா ஒப்பீடு. கொரோனாவுக்கு விரைவாக ஊசி வந்ததற்கு ஒரு காரணம், அந்த வைரஸின் முள் புரதம் ஒன்றைக் காட்டினாலே உடல் அதைத் தடுக்கும் ஆன்டிபாடியைச் செய்துவிடுகிறது. எதைக் காட்ட வேண்டும் என்பது சார்ஸ் காலத்திலிருந்தே தெரியும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் அந்த ஒற்றைப் புரதம் இல்லை. கொரோனாவின் மரபுத் தொடர் 30,000 எழுத்து என்றால் இதற்கு 1,70,000-க்கு மேல், புரதங்கள் 150-க்கும் அதிகம். வைரஸ் பல அடுக்கு உறை போர்த்தியிருக்கிறது. அது குடியேறுவதோ கிருமிகளை விழுங்க வேண்டிய காவல் செல்களிலேயே. திருடன் போலீஸ் ஸ்டேஷனில் வாடகைக்கு இருக்கிற மாதிரி. வைரஸைக் கொன்று செய்த ஊசி, தனிப் புரத ஊசி இரண்டும் திரும்பத் திரும்பத் தோற்றன.

மிச்சமிருந்தது வீரியம் குறைத்த உயிர் ஊசி. அந்த வழியில் ஒரு கசப்பான அனுபவம் பழையது. 1957-ல் லிஸ்பன் விமான நிலையத்தருகே விமான எச்சில் சோற்றைத் தின்ற பன்றிகளின் வழியாக நோய் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 1960-களின் தொடக்கத்தில் போர்ச்சுகலில் அவசரமாக ஓர் உயிர் ஊசி செய்து லட்சக்கணக்கான பன்றிகளுக்குப் போட்டார்கள். ஊசியே நிமோனியாவும் மூட்டு வீக்கமும் கருச்சிதைவும் தந்தது. சாகாத பன்றிகள் வைரஸைச் சுமந்து பரப்பின. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதிலிருந்து மீள முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

2007-ல் ஜார்ஜியாவுக்கும், 2018-ல் சீனாவுக்கும், 2020-ல் அசாம், அருணாசலத்துக்கும் வந்தது ஆப்பிரிக்க வைரஸின் இரண்டாம் மரபணு வகை (பழைய காய்ச்சலின் இரண்டாம் வகையோடு இதற்குச் சம்பந்தமில்லை). 2022-ல் வயநாட்டிலும், 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும், 2024-ல் இலங்கையிலும் உறுதியானது அதே நோய். அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த வைரஸில் ஒரே ஒரு மரபணுவை வெட்டியெடுத்துச் செய்த ஊசிக்கு 2022 ஜூனில் வியட்நாம் அனுமதி தந்தது. உலகில் இந்த நோய்க்கு வணிக அனுமதி பெற்ற முதல் ஊசி. இரண்டு மாதத்தில் ஊசி போட்ட பன்றிகள் சில மாவட்டங்களில் செத்தன, கொஞ்ச காலம் நிறுத்தினார்கள், குறிப்பிட்ட வயதுக் குட்டிகளுக்கு மட்டும் என்ற விதியை மீறித் தாய்ப்பன்றிகளுக்கும் போட்டதைக் காரணமாகச் சொன்னார்கள், பிறகு திரும்பத் தொடங்கினார்கள். வேறொரு கம்பெனியின் ஊசிக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் சீனாவிலும் வியட்நாமிலும் முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்த கலப்பு வைரஸ் பரவத் தொடங்கிவிட்டது, இரண்டாம் வகை ஊசி அதைச் சரியாகத் தடுக்கவில்லை. ஊசி வெளிவந்த கையோடு புதுப்பிக்க வேண்டிய நிலை.

உலகக் கால்நடை நல அமைப்பு 2025 மே மாதம்தான் இந்த ஊசிகளுக்கான தர அளவுகோலையே ஏற்றுக்கொண்டது. உயிர் ஊசி வைரஸ் பல தலைமுறை பன்றிகளில் மாறிச் சென்றால் வீரியம் திரும்புமா, சினைப்பன்றிக்கு ஆபத்தில்லையா என்ற கேள்விகள் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இதை எழுதும்வரை இந்தியாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு அனுமதி பெற்ற ஊசி கிடையாது. யாராவது ஐஸ் பெட்டியில் ரகசியமாகக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். சீனாவில் அப்படித் திருட்டு ஊசிகள் வழியாகவே மரபணு வெட்டப்பட்ட வைரஸ்கள் பண்ணைகளில் பரவி, சட்டென்று கொல்லாமல், மெல்ல நலிய வைத்துக் கண்டுபிடிக்கவே சிரமம் தந்தன.

உங்கள் பக்கத்துப் பண்ணைக்கு வருகிறேன். ஊசி போட்டும் பன்றிகள் சாக, நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஊசி பழசு என்பது காரணமாக இருந்ததில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு குட்டியின் ரத்தத்தில் இருக்கும்போதே போட்டால் அந்த எதிர்ப்பே ஊசி வைரஸைத் தின்றுவிடும். அதனால்தான் ஊசி போட்ட தாயின் குட்டிக்கு ஆறு, எட்டு வாரம் கழித்துப் போடச் சொல்வது. சினைக் காலத்தில் வயிற்றுக்குள்ளேயே தொற்றிப் பிறந்த குட்டி பார்க்கச் சாதாரணமாக இருக்கும், வைரஸை வாழ்நாள் முழுக்கக் கொட்டும், எந்த ஊசியும் அதற்கு ஏறாது. அப்படி ஒரு சோப்ளாங்கிக் குட்டி கொட்டகையில் இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். குளிர்ச்சி இன்னொன்று. ஒரு முறை ஒரு பண்ணையில் ஊசி மருந்தை டூவீலர் பெட்டியில் போட்டு, ஐஸ் உருகித் தண்ணீரான பையோடு மதியம் இரண்டு மணிக்குக் கொண்டுவந்து நின்றார்கள். அந்த உயிர் ஊசியில் அப்போது உயிர் இருந்திருக்காது. கலக்கிய மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்தபடியே போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை மாலைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் நனையத் துடைத்துவிட்டுக் காய்வதற்குள் குத்தினாலும் அந்த ஸ்பிரிட் வைரஸைக் கொல்லும்.

ஆனால் எல்லா வயதுப் பன்றியும், ஒழுங்காக ஊசி போட்ட தாய்ப்பன்றி உட்பட, பத்து நாளில் வரிசையாகச் செத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு ஆப்பிரிக்க நோய் மீதுதான் சந்தேகம் போகிறது. சந்தேகம் மட்டும்தான். அங்கே ஹோட்டல் எச்சில் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். பன்றி இறைச்சித் துணுக்கு கலந்த எச்சிலைக் கொதிக்கக் காய்ச்சாமல் ஊற்றுவது இந்த நோய்க்கு ராஜபாட்டை. உங்கள் முப்பதுக்கும் அதே வாளி, அதே ஆள், அதே வண்டி போகிறதா என்றும் பாருங்கள். போகிறதென்றால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

பழைய பன்றிக் காய்ச்சல் ஊசியைப் போடுவதைத் தொடருங்கள். இஜ்ஜத்நகர் வகை ஊசி உங்கள் கால்நடை மருந்தகத்தில் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் அங்கே இருப்பது. அடுத்த பன்றி எங்கே செத்தாலும் புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவரைக் கூப்பிடுங்கள், நீங்களாக வயிற்றைக் கிழிக்காதீர்கள், ரத்தம் சிந்தினால் அதுவே பரப்பும். அவர் மண்ணீரலை எடுப்பார். பழைய காய்ச்சலில் அதன் ஓரத்தில் கறுத்த தழும்புகள் இருக்கலாம், ஆப்பிரிக்க நோயில் அது பல மடங்கு வீங்கி, கருத்து, தொட்டால் கையில் பிசுபிசுக்கும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல நானே துணியமாட்டேன். அதை ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், பி.சி.ஆர். முடிவு வந்ததும் எந்த நோய் என்று இங்கேயே எழுதுங்கள். உங்கள் முப்பது பன்றிகளை என்ன செய்வது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.